ஆமையைத் தீனி கொடுத்துப் பழக்க முடியுமா? கால் விரலைக் கடிக்கிறது, எடை மெஷினில் ஏற மறுக்கிறது

மெதுநடை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பதினோரு வயதுச் செங்கால் ஆமை (தென் அமெரிக்க நிலவாழ் ஆமை) ஒன்று இருக்கிறது. நல்ல பசி, நல்ல நடை, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு விஷயத்தில்தான் திண்டாடுகிறேன்.

முதலாவது, அதன் அடைப்புக்குள் நான் கால் வைத்ததும் எங்கிருந்தாலும் ஓடி வந்து கால் விரலைக் கடிக்கிறது. ஆறு மாதமாகத்தான் இப்படி. போன வாரம் ரத்தமே வந்துவிட்டது.

இரண்டாவது, வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தூக்கினால் போதும், தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு சிறுநீர் விட்டுவிடுகிறது. கீழே வைத்தாலும் அரை மணி நேரம் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் அதை இப்படிப் பயமுறுத்த மனம் வரவில்லை.

நாயைப் பழக்குவதுபோல உணவு கொடுத்து ஆமையைப் பழக்க முடியுமா? வீட்டில் யாரும் நம்பவில்லை. கையால் தினமும் நாலைந்து ஸ்ட்ராபெர்ரித் துண்டு கொடுக்கிறேன், அதைத் தவிர வேறு எதுவும் முயற்சி செய்யவில்லை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

வெயில்பாறை:

முடியும். இன்னும் சொன்னால், நீங்கள் ஏற்கெனவே பழக்கிவிட்டீர்கள். எதைப் பழக்கினோம் என்பதைத்தான் கவனிக்கவில்லை.

ஆமையின் கண் தரையிலிருந்து அரை சாண் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது அது முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, பாதத்தை. பாதம் வந்தது, அடுத்த நொடி ஸ்ட்ராபெர்ரி வந்தது. இதையே ஆறு மாதம் பார்த்தால் பாதம் என்றால் உணவு என்று அது முடிவு கட்டாமல் வேறென்ன செய்யும்? ஒரு கேள்வி: நகத்துக்குச் சிவப்புப் பூச்சு போடுகிறீர்களா? அல்லது சிவப்பு, ஆரஞ்சு நிறச் செருப்பா? ஆமைகள் நிறத்தை மிக நன்றாகப் பார்க்கும். பழம் தின்னும் இனத்துக்குச் சிவப்பு என்றால் உடனே கண் போகும்.

கோபத்தில் கடிப்பதாக நினைக்காதீர்கள். அது உணவைத்தான் கடிக்கிறது, உணவு இருக்கும் இடத்தைப் பற்றி அதற்குத் தப்பான தகவல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மெதுநடை:

நகப்பூச்சு இல்லை. ஆனால் செருப்பு சிவப்பு! அது வாங்கி ஆறேழு மாதம்தான் ஆகிறது. இதை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

பழையகூண்டு:

இருபது வருடமாக ஆமையும் பல்லி இனங்களும் வளர்க்கிறேன். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, ஆனால் இதற்குப் ‘பழக்கம்’ என்று பெயர் வைப்பது நம் ஆசை என்றுதான் நினைக்கிறேன். உணவின் வாசம் வந்தால் ஆமை வரும். நிறம் தெரிந்தால் கடிக்கும். அது பிறவிக் குணம். நாய் நம்மைப் பார்த்து நடக்கும், ஆமை உணவைப் பார்த்து நடக்கும். அப்புறம் எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. பயிற்சி என்று ஆரம்பித்தவர்கள் சிலர், பசித்தால்தானே கற்கும் என்று பட்டினி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வழிக்கு யாரும் போய்விடக் கூடாது.

ஓட்டுக்குள்:

பட்டினி பற்றிய உங்கள் பயம் நியாயமானது ஐயா, அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் பிறவிக் குணம் மட்டும்தான் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆனா வில்கின்சன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் மோசஸ் என்ற செங்கால் ஆமையை எட்டுக் கைகள் கொண்ட நட்சத்திர வடிவப் புதிர்ப்பாதையில் விட்டார்கள். ஒவ்வொரு கையின் முனையிலும் கொஞ்சம் உணவு. ஏற்கெனவே தின்று முடித்த கைக்குத் திரும்பப் போகாமல் புதிய கைகளையே அது தேர்ந்தெடுத்தது. அறையில் இருந்த பொருள்களை அடையாளம் வைத்துக்கொண்டது. திரை போட்டு அந்த அடையாளங்களை மறைத்தபோது உத்தியை மாற்றி, பக்கத்துக் கை, அடுத்த கை என்று வரிசையாகப் போக ஆரம்பித்தது. 2007இலும் 2009இலும் வெளியான ஆய்வுகள் இவை. வாசத்தைப் பிடித்துக்கொண்டு போகிற பிராணி திரை போட்டதற்காக ஏன் உத்தியை மாற்ற வேண்டும்?

2010இல் வில்கின்சன் வேறு சிலரோடு சேர்ந்து இன்னொன்று செய்தார். ‘வி’ வடிவத்தில் ஒரு கம்பி வேலி, அதன் மறுபக்கம் உணவு. தனியாக விட்ட செங்கால் ஆமைகளில் ஒன்றுகூட வேலியைச் சுற்றிப் போகவில்லை. பழகிய ஆமை சுற்றிப் போவதைப் பார்த்தவை போய்விட்டன. காட்டில் தனியாக வாழும் இனம் என்று நாம் நினைக்கிற பிராணி, மற்றொன்றைப் பார்த்துக் கற்றிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வியன்னா, சூரிச் விலங்குக் காட்சிசாலைகளின் ராட்சத ஆமைகள். குச்சி முனையில் உள்ள நிறப் பந்தைக் கடித்தால் உணவு என்று பழக்கினார்கள். ஒவ்வோர் ஆமைக்கும் தனி நிறம். ஒன்பது வருடம் கழித்து வியன்னா ஆமைகளிடம் பந்தைக் காட்டியபோது என்ன செய்ய வேண்டும் என்பதை அவை மறக்கவில்லை. எந்த நிறம் தன்னுடையது என்பதை மட்டும் மறுபடி கற்க வேண்டியிருந்தது, அதையும் முதல் தடவையைவிட வேகமாகக் கற்றன. கூட்டமாகப் பழகியவை தனியாகப் பழகியவற்றைவிடச் சீக்கிரம் கற்றன என்பதும் அதே 2019 ஆய்வில் உண்டு.

பழையகூண்டு:

ஒன்பது வருடமா! அந்த ஆய்வு எனக்குத் தெரியாது. சரி, கற்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் ஆமைகள் கற்றதை நான்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது. பட்டினி விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஊர்வனவைத்தியம்:

மாற்றிக்கொள்ளவே வேண்டாம். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை மட்டுமல்ல, பயனும் இல்லாதது. ஊர்வன கற்காமல் இருப்பதற்குப் பசியின்மை அநேகமாகக் காரணமாக இருக்காது. உடம்பு சூடாகாததுதான் காரணமாக இருக்கும்.

இவை வெளியிலிருந்து சூட்டை வாங்கி வாழும் பிராணிகள். குளிர்ந்த உடம்பில் தசை மந்தம், செரிமானம் மந்தம், கவனமும் மந்தம். காலையில் விளக்கைப் போட்டதும் பயிற்சியை ஆரம்பித்துவிட்டு ‘என் ஆமைக்கு வரவில்லை’ என்று சொல்பவர்கள் நிறைய. ஒன்றிரண்டு மணி நேரம் வெதுவெதுப்பில் இருக்க விடுங்கள். செங்கால் ஆமைக்கு அடைப்பு 26 முதல் 29 டிகிரி செல்சியஸ், சூட்டு விளக்கின் கீழ் 32 அளவில் இருந்தால் போதும். பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணானுக்குக் குளிர்காயும் இடம் 38 முதல் 42 வரை வேண்டும். குளிர்ந்த உடம்போடு தின்ற உணவு வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. ஆகையால் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் தீனியை எடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்ட்ராபெர்ரி. செங்கால் ஆமை இயல்பாகவே பழம் தின்னும் இனம் என்பதால் இவருடைய ஆமை தப்பித்தது. இதே அளவைத் தினமும் ஒரு சல்கேட்டா என்ற பெரிய ஆப்பிரிக்க ஆமைக்கோ மத்தியதரைக்கடல் ஆமைகளுக்கோ கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அவை புல்லும் களையும் தின்று நார்ச்சத்தைக் குடலில் புளிக்கவைத்து வாழ்பவை. சர்க்கரை கூடினால் குடல் நுண்ணுயிர்கள் நிலைகுலையும், வயிற்றுப்போக்கு வரும், ஒட்டுண்ணிகள் பெருகும். அவற்றுக்குப் பரிசாக ஒரு செம்பருத்தி இதழ், டேண்டலியன் பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளித் துண்டு போதும். நிறமும் உண்டு, கெடுதலும் இல்லை. செங்கால் ஆமைக்கும் தினமும் ஸ்ட்ராபெர்ரி வேண்டாம், மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கொடுக்கும் பரிசு தினசரி உணவுக்கு மேல் போகக் கூடாது. அன்றைய உணவிலிருந்தே ஒரு சிறு பகுதியை எடுத்து வையுங்கள். மீதி உணவைப் பயிற்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தின்னட்டும். பிடித்ததைச் சம்பாதிக்கலாம், சாப்பாட்டைச் சம்பாதிக்க வைக்கக் கூடாது.

தாடிஓணான்:

மருத்துவர் சொன்னதற்கு என் அனுபவமே சாட்சி. என் பியர்டட் டிராகனைக் கையில் ஏறிவரப் பழக்கினேன். இரண்டே வாரத்தில் அழகாக ஏறியது. பரிசு மெழுகுப்புழு. சந்தோஷத்தில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று கொடுத்துவிட்டேன். அது கொழுப்பு மிகுந்த புழு. ஒரு மாதத்தில் கீரையைத் தொடுவதையே நிறுத்திவிட்டது. வளர்ந்த பியர்டட் டிராகனின் உணவில் பெரும்பகுதி இலை தழையாக இருக்க வேண்டும், என்னுடையதோ புழு வரும் என்று நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. மறுபடி இலைக்குத் திருப்ப மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் எனக்குக் குற்ற உணர்ச்சிதான்.

இப்போது ஒரு பயிற்சிக்கு மூன்று சிறு பூச்சி, அதோடு சரி. சில நாள் பூவிதழ் மட்டும். அதற்கும் வருகிறது. விருப்பமான உணவு கொஞ்சம் இருந்தாலே போதும் என்பதைக் கற்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

வெயில்பாறை:

மெதுநடை, எடை மெஷினுக்கு வருவோம். நான் என் ஆமைகளுக்குச் செய்த வழியைச் சொல்கிறேன், விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் இது கெட்டுவிடும்.

முதலில் அந்தச் செருப்பை மாற்றுங்கள். மூடிய, மங்கலான நிறக் காலணி போட்டுக்கொள்ளுங்கள். கையால் தீனி கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். விரலும் அதற்கு நாளைக்கு உணவாகத் தெரியும். ஒரு தட்டைக் கல்லை அடைப்பில் நிரந்தரமாகப் போட்டு, இனி எல்லா உணவும் அதன்மேல்தான் என்று வையுங்கள். காலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுகூட விழக் கூடாது. சில நாள் உங்கள் காலை முட்டும். நகராமல் நில்லுங்கள், எதுவும் கொடுக்காதீர்கள். முன்பைவிட அதிகமாகக்கூட முட்டலாம், பயப்பட வேண்டாம். நடுவில் மனமிரங்கி ஒரு துண்டு போட்டால் ‘விடாமல் முட்டினால் கிடைக்கும்’ என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

அப்புறம் ஒரு நீளமான குச்சியின் முனையில் ஒரு பந்து. ஆமை தின்னும் எதன் நிறமும் அதில் இருக்க வேண்டாம், நீலம் நன்று. இதை இலக்குக் குச்சி என்போம். ஆமையின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் பிடியுங்கள். என்ன இது என்று பார்த்தாலே இடுக்கியால் ஒரு சின்னத் துண்டைக் கல்லில் வையுங்கள். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தால், பிறகு மூக்கால் தொட்டால். ஒவ்வொரு படியிலும் ஆமை தயங்காமல் செய்கிற வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஏழெட்டுத் தொடுதல். அது திரும்பி நடந்தால் அன்றைக்கு முடிந்தது. பின்னாலேயே குச்சியைக் கொண்டுபோகாதீர்கள். விலகிப்போக உரிமை இருந்தால்தான் மறுநாள் ஆசையாக வரும்.

இதற்கிடையில் எடை மெஷினை அணைத்த நிலையில் அடைப்பிலேயே போட்டு வையுங்கள். வழுக்காமல் இருக்க மேலே ஒரு கரடுமுரடான பலகை, ஏற ஒரு சின்னச் சரிவு. பயமற்ற ஒரு பொருளாக அது ஆகட்டும். குச்சியைத் தொட நன்றாகப் பழகிய பிறகு சரிவின் அடியில் குச்சி, பிறகு நடுவில், பிறகு பலகைமேல். நான்கு காலும் ஏறி நின்றதும் பரிசு.

கேள்விக்கொத்து:

அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் கிளிக்கர் பயன்படுத்தலாமா? நாய்க்கு அதைத்தானே சொல்கிறார்கள்.

வெயில்பாறை:

கிளிக்கரின் வேலை, ‘இந்த நொடியில் செய்தது சரி, பரிசு வருகிறது’ என்று சொல்வது. அந்தக் கருத்து ஆமைக்கும் பொருந்தும், சத்தம்தான் பொருந்தாது. ஆமைக்குக் கேட்பது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள தாழ்ந்த ஒலி. கூர்மையான சத்தம் சரியாகக் கேட்காது, கேட்டாலும் தலையை இழுத்துக்கொள்ளலாம். நான் குச்சியைச் சட்டென்று முதுகுக்குப் பின் மறைப்பதையே அடையாளமாக வைத்திருக்கிறேன். தொட்டது, குச்சி மறைந்தது, உணவு வந்தது. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்கிறது. எதுவானாலும் ஓரிரு நொடிக்குள் நடக்க வேண்டும். ஆமை மெதுவானது என்று நாமும் மெதுவாகக் கொடுத்தால், நடுவில் அது தலையைத் திருப்பியதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

சுருள்வால்:

பாம்பு வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ந்த பால் பைதான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் இரை. அதைத் துண்டு துண்டாக்கிப் பரிசு கொடுக்க முடியாது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பரிசு என்பதற்கு இங்கே இடமில்லை.

நாங்கள் செய்வது அடையாளம் கொடுப்பது. கூண்டைத் திறந்ததும் கொக்கியால் உடம்பை மெல்லத் தடவினால் ‘இன்று இரை இல்லை, தூக்கப் போகிறேன்’ என்று அர்த்தம். இரை நாளில் தடவல் கிடையாது, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓர் அட்டையை முதலில் காட்டுகிறேன். கழுத்தை ‘எஸ்’ வடிவில் மடக்கிக் கூண்டு வாசலிலேயே பாயக் காத்திருந்த பாம்பு, ஐந்தாறு மாதத்தில் தடவியதும் தளர்ந்துவிடுவதைப் பார்த்தேன். கையில் எலி வாசம் இருந்தால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரை தின்ற பிறகு இரண்டு நாளாவது தொடாதீர்கள், கக்கிவிடும்.

உடும்புநிழல்:

உடும்பு இனம் வைத்திருப்பவர்களுக்கு இலக்குக் குச்சி பொழுதுபோக்கு அல்ல, பாதுகாப்பு. பெரிய பற்கள், பெரிய நகங்கள். நான் பெட்டிக்குள் தானாகப் போகப் பழக்கினேன், கூண்டைச் சுத்தம் செய்யும்போது இரண்டு பேருக்கும் நிம்மதி. விலங்குக் காட்சிசாலைகளில் கொமோடோ உடும்புகளையும் முதலைகளையும் இப்படித்தான் குறிப்பிட்ட இடத்துக்கு வரவழைக்கிறார்கள். புத்தியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டுக் கருந்தொண்டை உடும்புகளுக்கு எலி உள்ள குழாய்களைக் கொடுத்தார்கள், கதவைத் திறந்தால்தான் எடுக்க முடியும். எட்டும் பத்து நிமிடத்துக்குள் திறந்துவிட்டன. இரண்டாம் முறை அதைவிடச் சீக்கிரம்.

ஒன்று மட்டும்: குச்சி இல்லாமல் வந்தால் உணவு இல்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என் வீட்டில் ஒருவர் செல்லமாகக் கையால் ஊட்டியதால் இரண்டு மாத உழைப்பு வீணானது.

பழையகூண்டு:

உணவே இல்லாமலும் வழி உண்டு என்பதைச் சொல்லலாமா? கலபகோஸ் ராட்சத ஆமைகளின் கழுத்தையும் காலிடுக்கையும் தடவினால் நான்கு காலையும் ஊன்றி எழுந்து, கழுத்தை நீட்டி, அசையாமல் நிற்கும். அவற்றின் சொந்தத் தீவுகளில் குருவிகள் வந்து உண்ணி பொறுக்குவதற்காக அப்படி நிற்பவை. காட்சிசாலைகளில் அந்த நிலையில் தடவிக்கொண்டே ரத்தம்கூட எடுக்கிறார்கள். என் ஆமைகளில் ஒன்றுக்கு ஓட்டின் பின்பக்கம் சொறிந்தால் மிகவும் பிடிக்கும். அதற்கும் அது நடந்து வருகிறது. அதையும் பரிசாகக் கணக்கில் எடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊர்வனவைத்தியம்:

தாராளமாக எடுக்கலாம். எல்லா ஆமைக்கும் பிடிக்காது, தலையை இழுத்தால் விட்டுவிடுங்கள். எந்தப் பயிற்சிக்குப் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நம் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி நோயற்ற ஆமையிடமும் இருக்கலாம். வழக்கமாக ஓடிவரும் பிராணி இரண்டு மூன்று நாள் பிடித்த உணவுக்கும் வராவிட்டால் அதை அடம் என்று நினைக்காமல் வெப்பத்தைச் சரிபாருங்கள், பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி கொடுப்பவர்கள் நோயை முதலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள், தினமும் ஐந்து நிமிடம் கூர்ந்து பார்ப்பதால்.

மெதுநடை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், ஏதாவது உருப்படியாக நடந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

காலணியை மாற்றி, உணவைக் கல்லுக்கு மாற்றிய முதல் ஒன்பது நாள் மோசம். வெயில்பாறை சொன்னதுபோல முன்பைவிட அதிகமாக முட்டியது. நாலாம் நாள் அழுகையே வந்துவிட்டது, ஆனால் ஒரு துண்டும் போடவில்லை. பத்தாம் நாள் நான் உள்ளே போனபோது என்னைக் கடந்து நேராகக் கல்லுக்குப் போய் நின்றது. அதன்பின் கால் பக்கம் இரண்டே முறை வந்திருக்கிறது.

நீலப் பந்தைத் தொட மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் அதைப் பார்க்கவே இல்லை. காலை எட்டு மணிக்குச் செய்துகொண்டிருந்தேன், பதினொன்றுக்கு மாற்றியதும் வேறு ஆமையாகிவிட்டது. சரிவில் ஏறத் தயங்கியபோது இரண்டு முறை பழைய படிக்கே திரும்பப் போனேன்.

நேற்று தானாக நடந்து ஏறி, நான்கு காலையும் ஊன்றி, பந்தைத் தொட்டபடி நின்றது. 4 கிலோ 380 கிராம். சிறுநீர் இல்லை, தலையை இழுக்கவில்லை. ஒரு செம்பருத்தி இதழ் கொடுத்தேன். வீட்டில் நம்பாதவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், எல்லோரும் பேசாமல் நின்று பார்த்தார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஏறி நின்றது இறங்கவே மாட்டேன் என்கிறது. இருபது நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டு மெஷின்மேல் நின்றது. தூக்கி இறக்கினால் எல்லாம் கெட்டுவிடுமோ என்று நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெயில்பாறை:

தூக்காமல் இருந்தது மிகச் சரி. ஏறியதற்கு மட்டும் பரிசு கொடுத்தீர்கள், இறங்கியதற்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. நாளை எடை பார்த்ததும் பந்தை எதிர்ப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். அந்தப் பக்கமும் ஒரு சரிவு வையுங்கள், பின்பக்கமாக நடந்து இறங்குவது ஆமைக்குக் கஷ்டம். இறங்கித் தொட்டதும் கொடுப்பது ஏறியதற்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் பெரிய துண்டாக இருக்கட்டும்.

மெதுநடை:

பலகை அறுக்கக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.